பஞ்சுக்குச்சி அக்காவும் முந்நூற்றுப் பதினெட்டும்

"டீ அப்புறம். முதல்ல வாய்."

பஞ்சுக்குச்சி அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். வந்தவருக்கு வீட்டார் டீ கொண்டுவந்து வைப்பார்கள். மரியாதைக்குத் தாங்களும் ஒரு கோப்பை எடுப்பார்கள். அது உதட்டைத் தொடுவதற்குள் இவர் கை குறுக்கே வந்துவிடும். டீ குடித்த வாயிலிருந்து எடுத்த மாதிரியை ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடுமாம். யாராவது முந்திக்கொண்டு ஒரு மடக்கு குடித்திருந்தால், வாயைக் கொப்பளிக்கச் சொல்லி அரை மணி நேரம் காத்திருக்க வைப்பார். ஆறிப்போகிற கோப்பைகளைப் பார்த்தபடி எல்லோரும் உட்கார்ந்திருக்க, இவர் மெதுவாக வீட்டுக் கதையை விசாரிக்க ஆரம்பிப்பார். யாரும் எதுவும் குடிக்காத வீட்டில்கூட அந்த அரை மணி நேரச் சட்டத்தைச் சொல்லிவிடுவார் என்று அலுவலகத்தில் பேச்சு. கேட்டால் மறுப்பதில்லை. "குச்சி போடறது ஒரு நிமிஷ வேலை. மிச்ச இருபத்தொம்பது நிமிஷம்தான் என் வேலை" என்பார்.

போரில் காணாமல் போன சிப்பாய்களைத் தேடி அடையாளம் காணும் அலுவலகத்தில் அவருக்கு உத்தியோகம். கதவில் 'குடும்பத் தொடர்பு உதவியாளர்' என்று பலகை தொங்குகிறது. அந்தப் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை. உறவினர்களின் கன்னத்தை உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து வருகிறவர் என்பதால் வாசல் காவலாளி வைத்த பெயரே ஊன்றிவிட்டது. வயது ஐம்பத்து நான்கு. இங்கே வந்து ஆறு வருடம். அதற்கு முன்பு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் பதினெட்டு வருடம். மூக்குக் கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு, காலில் சத்தம் வராத ரப்பர் செருப்பு, தோளில் ஒரு கெட்டித் துணிப்பை. பைக்குள் உறையிட்ட குச்சிகள், கையுறை, ஒரு அடி நீளத்துக்குச் சுருட்டிய வெள்ளைக் காகிதம், நாலு பென்சில், இரண்டு ரப்பர். பேனா கிடையாது. "உறவ பேனாவுல எழுதினா மாட்டிக்குவோம்" என்பது அவருடைய அனுபவம்.

காகிதத்தை விரித்தால் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா, ஓடிப்போனவர், ஒதுக்கி வைக்கப்பட்டவர் எல்லோரும் அதில் வந்து உட்கார வேண்டும். பழக்கம் முற்றி வியாதியாகிவிட்டது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் காது மடலையும் தாடையையும் பார்த்து யார் யாருக்கு என்ன உறவு என்று கணக்குப் போடுவார். ஒரு முறை அடக்க முடியாமல் ஒரு ஜோடியிடம் "நீங்க அண்ணன் தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டார். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது நாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீடு வந்தார். அவர் கணவர் ஓவிய ஆசிரியர். "இவளோட ஒரு கல்யாணத்துக்குப் போனா நான் தனியாத்தான் சாப்பிட்டு வரணும். இவ யாராவது பெரியவர் பக்கத்துல உக்காந்து பத்திரிகைக்குப் பின்னால வட்டம் போட்டுக்கிட்டு இருப்பா" என்கிறார். வட்டம் வட்டமாக வரவில்லை என்பதுதான் அவருடைய உண்மையான குறை.

அலுவலகத்தின் கீழ்த்தளம் முழுக்க இரும்பு அலமாரிகள். தட்டு தட்டாக ஒரே அளவு பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மலைச் சரிவில், பழைய பதுங்கு குழியில், ஆற்று மணலில் கிடைத்தவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். நடு மாடியில் எலும்பு டாக்டர். மேல் மாடியில் நம் அக்கா. கீழே இருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. மேலே இருக்கும் கோப்புகளில் பெயர் உண்டு, ஆள் கிடையாது. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் இந்தக் கட்டடத்தின் ஜோலி.

முந்நூற்றுப் பதினெட்டாம் எண் பெட்டி பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வந்தது. மலையில் ரோடு போட மண்ணை வெட்டியவர்கள் கண்டெடுத்தது. பக்கத்தில் ஒரு பெல்ட் கொக்கி, இரண்டு பித்தான், பெயர் எதுவும் இல்லை. எலும்பு டாக்டர் அளந்து பார்த்துவிட்டு இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது, இன்ன உயரம் என்றார். அந்த மலையில் போரின்போது காணாமல் போனவர்கள் பட்டியலில் பொருந்துகிறவர் ஒரே ஒரு சிப்பாய். அவருக்கு உயிரோடு இருந்த சொந்தம் ஓர் அக்காள் மட்டும். அவரிடம் மாதிரி எடுத்தார்கள். ஒத்து வரவில்லை. கோப்பில் 'உறவு இல்லை' என்று முத்திரை குத்தி மூடிவிட்டார்கள். நம் அக்கா வேலைக்கு வருவதற்கு ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை இது.

வருடத்துக்கு ஒரு முறை எல்லாப் பெட்டிகளையும் திறந்து சரிபார்ப்பார்கள். எலும்பு டாக்டர் வாயைத் திறப்பதே அபூர்வம். ஆனால் 318 முன்னால் வந்தால் மட்டும் நின்று புலம்புவார். "உயரம் சரி. வயசு சரி. கெடச்ச இடம் சரி. ரத்தம் மட்டும் எப்படி இல்லங்குது?"

போன வருடம் அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டு நின்ற நம் அக்கா, "ரத்தம் பொய் சொல்லாது டாக்டர். எழுதிக் கொடுத்த பாரம்தான் பொய் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, கோப்பை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

சாப்பாட்டு வேளையில் படித்தார். பதினொரு வருடத்துக்கு முன் அந்த அக்காள் நிரப்பிய பாரம் உள்ளே இருந்தது. 'நீங்களும் காணாமல் போனவரும் ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, அந்த 'ஆம்' அடியில் கோடு போட்டிருந்தது. ஒன்றல்ல, இரண்டு கோடு.

"ஆமான்னா ஆமா. அடிக்கோடு எதுக்கு?" என்று டிபன் டப்பாவைப் பார்த்துக் கேட்டார். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டார்.

அந்த அக்காளுக்கு இப்போது எழுபத்தேழு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை டெலிபோன் அம்மா என்றுதான் சொல்கிறார்கள். குரல் இன்னும் கம்பி போல இருக்கிறது. தம்பி காணாமல் போன நாற்பத்தொன்பது வருடமும், அவன் பிறந்த நாளன்று ராணுவத் தலைமையகத்துக்குப் போன் போட்டு "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பது அவர் வழக்கம். எதிர்முனையில் அதிகாரிகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. "தேடிக்கிட்டு இருக்கோம்மா." இவர் "நன்றி, இணைப்பைத் துண்டிக்கிறேன்" என்று எக்ஸ்சேஞ்ச் பாஷையில் சொல்லி வைத்துவிடுவார்.

நம் அக்கா போன அன்று வீட்டில் டெலிபோன் அம்மாவும் அவருடைய ஐம்பது வயது மகனும் இருந்தார்கள். டீ வந்தது, கை குறுக்கே போனது, அரை மணி நேரச் சட்டம் அமலுக்கு வந்தது. பஞ்சுக்குச்சி அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் எழுத்து எங்கெங்கே இருக்கிறதோ அத்தனையும் படித்துவிடுவார். கோப்பைக்கு அடியில் பொறித்த பெயர், போட்டோவின் முதுகு, மருந்துச் சீட்டு, எதையும் விடமாட்டார். அன்றைக்குக் கண் போய் நின்றது ஒரு சுவர்க்கடிகாரத்தில். கீழே சின்னப் பித்தளைத் தகடு. ரயில் பட்டறை நண்பர்கள் டெலிபோன் அம்மாவின் அப்பாவுக்குக் கொடுத்த கல்யாணப் பரிசு. தேதியும் பொறித்திருந்தது. பாரத்தில் டெலிபோன் அம்மா எழுதிய பிறந்த தேதி அதற்கு இரண்டு வருடம் முந்தியது.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே கேட்டிருப்பார்கள். இவர் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மகனிடம் நீட்டினார். "தம்பி, இத நாலு காப்பி எடுத்துட்டு வாங்க. தெளிவா இல்லன்னா திரும்ப எடுக்கச் சொல்லுங்க. அவசரம் இல்ல." அது வெற்றுப் பாரம். காப்பி எடுக்க அவசியமே கிடையாது.

மகன் படி இறங்கிய சத்தம் அடங்கிய பிறகு, "கடிகாரம் பழசும்மா. இன்னும் சரியா ஓடுதா?" என்றார்.

டெலிபோன் அம்மா கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அதுல என்ன பாத்த?"

"தேதி பாத்தேன்."

அந்த அம்மாள் மகன் இறங்கிப் போன படிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். அப்புறம் அந்தக் கம்பிக் குரல் வந்தது. "அவங்கதான் எங்கம்மா."

"ஆமாம்மா."

"பெத்தவ போனப்ப எனக்கு ஒன்றர வயசு. மொகம்கூடத் தெரியாது. இவங்க வந்துதான் எனக்குச் சோறு ஊட்டினாங்க, தல வாரினாங்க, காய்ச்சல்ல மடியில போட்டுக்கிட்டாங்க. எனக்கு ஆறு வயசு இருக்கறப்ப தம்பி பொறந்தான். அப்ப பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவ என்னக் காட்டி 'மூத்த தாரத்துப் பொண்ணு'ன்னு சொல்லிட்டா. எங்கம்மா அதோட அவகூடப் பேச்ச நிறுத்துனாங்க. முப்பத்தொரு வருஷம், நடுவுல ஒரே ஒரு செவுரு, பேசாமலே செத்துப்போனாங்க. என்கிட்ட அவங்க கேட்டது ஒண்ணுதான். தம்பிக்குத் தெரிய வேண்டாம்னு. அவனுக்குத் தெரியாது. எம் புருஷனுக்குத் தெரியாது. எம் பையனுக்குத் தெரியாது. உன் பாரத்துக்கு மட்டும் தெரியணுமா?"

நம் அக்கா விளக்கினார். முப்பத்தேழு வருடம் மண்ணில் கிடந்த எலும்பு. அதில் படிக்க மிஞ்சியது தாய் கொடுத்த சரடு மட்டும்தான். தகப்பன் கொடுத்தது கரைந்துபோயிற்று. டெலிபோன் அம்மாவுக்கும் தம்பிக்கும் அப்பா ஒருவர், பெற்றவர்கள் வேறு. அப்புறம் எப்படி ஒத்து வரும்? "ஒரு பெட்டி இருக்கும்மா. அது அவர்தான்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. இல்லன்னு எழுதினது தப்பா இருக்கலாம். அவ்வளவுதான் சொல்லுவேன்."

டெலிபோன் அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான்தான் அவன அங்க வச்சுப் பூட்டியிருக்கேனா?"

இந்த உத்தியோகத்தில் மழுப்பத் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். நம் அக்காவுக்கு அது வராது. "ஆமாம்மா, நீங்கதான் பூட்டினீங்க. நீங்களே தொறங்க. உங்கம்மாகூடப் பொறந்தவங்க யாரு?"

அந்த அம்மாள் அழுதார். நாற்பத்தொன்பது வருடமாக அதிகாரிகளிடம் அசராத குரல் அன்று உடைந்தது. நம் அக்கா ஆறிய டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அன்று யார் வாயிலும் குச்சி போடவில்லை.

விஷயம் அங்கேதான் முட்டுக்கட்டையாக நின்றது. மனைவியை இழந்தவனுக்கு, அதுவும் கைக்குழந்தைக்காரனுக்கு, வாழ்க்கைப்படுகிறாள் என்று அந்தத் தாயை அவர் பிறந்த வீட்டார் கைகழுவிவிட்டார்கள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்த ஊர், என்ன பெயர் என்று எதுவும் டெலிபோன் அம்மாவுக்குத் தெரியாது. ஒரே ஒரு நினைவு. தம்பி காணாமல் போன செய்தி வந்த வாரம் ஒரு பெண் வந்தார். அம்மாவின் தங்கை என்றார்கள். ஒரு மணி நேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். "அவங்க போன பெறகும் ரெண்டு நாள் அந்த ரூம்ல பிஸ்கட் வாசன அடிச்சுது" என்றார் டெலிபோன் அம்மா.

அது போதும் நம் அக்காவுக்கு. அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் பிஸ்கட் தொழிற்சாலை மூன்று. மூன்றும் இன்று இல்லை. பழைய தொழிலாளர் சங்கம், அதன் பழைய செயலாளர், அவர் பரணில் வைத்திருந்த ஓய்வுபெற்றோர் குரூப் போட்டோக்கள் என்று மூன்று மாதம் அலைந்தார். கல்லில் நார் உரிக்கிற வேலை. நடுவில் ஒரு பெரியவர், "அந்தப் பையன் எனக்கு அக்கா மகன்தான்" என்று சத்தியம் செய்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் கட்டமும் வட்டமும் போட்டதில் அவர் யாருக்கும் எதுவும் இல்லை என்று தெரிந்தது. "எனக்குத்தான் யாரும் இல்லயே, ஒரு மிலிட்டரிக்காரன் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். நம் அக்கா ரப்பரால் அவர் பெயரை அழித்துவிட்டு, அவரோடு ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

கடைசியில் ஒரு குரூப் போட்டோவில், இரண்டாவது வரிசையில், பாக்கிங் பிரிவுப் பெண் ஒருவரை டெலிபோன் அம்மா விரலால் தொட்டார். "இவங்கதான். எங்கம்மாவோட தாட." அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. அவர் மகளும் இல்லை. மகளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் லாரி டிரைவர்.

ஒரு சரக்குக் கிடங்கு வாசலில் அவனைப் பிடித்தார். லாரிக்காரன் ஸ்டியரிங்கில் தாளை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசி வாய் உள்ளே போன பிறகுதான் இவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஏறினார். வாய் கொப்பளிக்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஏதாவது வியாதியாக்கா?" என்றான் பயந்துபோய்.

"இல்லப்பா. உனக்கு ஒரு மாமா இருக்கலாம்."

அரை மணி நேரமும் அவனிடம் கதையைச் சொன்னார். பெரும்பாலும் கதை கேட்கிறவர், அன்றைக்கு மட்டும் சொல்கிறவராக இருந்தார். லாரிக்காரன் கண்ணாடி வழியே எதிரே அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கம்மா கூடப் பொறந்தவங்க யாரும் கெடயாது. பள்ளிக்கூடத்துல எல்லாரும் மாமா வந்தாரு மாமா வாங்கித் தந்தாருன்னு சொல்லுவானுங்க. எனக்கும் ஒருத்தர் இருந்திருக்காரு பாருங்க" என்றான். பிறகு, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தான்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆய்வகத்துக்கு அது ஏழு வாரம் எடுத்துக்கொண்டது. ஒரு காலை, ஆறு வருடத்தில் ஒரு முறைகூட மேல் மாடிக்கு ஏறி வராத எலும்பு டாக்டர் மூச்சு வாங்க நம் அக்காவின் மேஜை முன்னால் வந்து நின்றார். "ஒத்து வந்துருச்சு. ரெண்டு தடவ போட்டுப் பாத்தாச்சு." சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடம் அவர் மட்டும் தனியாக நம்பிக்கொண்டிருந்த விஷயம் அது. அன்று முழுக்கக் கீழ்த்தளத்தில் அவர் விசிலடிக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரியும்.

இந்த மாதிரிச் சேதியை நம் அக்கா போனில் சொல்வதில்லை. நேரில்தான் போவார். டெலிபோன் அம்மா கதவைத் திறந்து, முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தார்.

"பை எங்க?"

"இன்னிக்கு வேண்டாம்மா."

டெலிபோன் அம்மாவுக்குச் சேதி புரிந்துவிட்டது. உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார். உங்கள் பாரம், உங்கள் கோப்பு, யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நம் அக்கா முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அதை அவர் நினைவுபடுத்த வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் ஆரம்பித்துவிட்டார். "உக்காரு. ரெண்டு விஷயம். ஒண்ணு, உன் மாமா கெடச்சுட்டான். இன்னொண்ணு, என்னப் பெத்தவங்க வேற, வளத்தவங்க வேற. மாமாவப் பெத்தவங்கதான் என்ன வளத்தாங்க. அத மறச்சதாலதான் இத்தன வருஷம் அவன் வரல. இனிமே மறைக்கப் போறதில்ல."

மகன் அம்மாவையும் நம் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிம்மா. மாமா எப்ப வராரு?" என்றார்.

எழுபது வருடம் கட்டிக் காத்த ரகசியம் அப்படி ஒரு வார்த்தையில் முடிந்துபோனது. டெலிபோன் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையுமாக அவர் மூவருக்கும் டீ போட எழுந்தார். அன்று யாரும் யாரையும் தடுக்கவில்லை.

சவப்பெட்டியில் வைப்பதற்கு முன் குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்பது விதி. பல பேர் வேண்டாம் என்பார்கள். டெலிபோன் அம்மா வந்தார். நீள மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, எலும்பு டாக்டர் தம்பியை முறைப்படி அடுக்கி வைத்திருந்தார். அந்த அம்மாள் தலைமாட்டில் நின்று மேலிருந்து கீழாகப் பார்த்தார். கை நேராக இடது காறை எலும்புக்குப் போனது. அங்கே ஒரு சின்ன மேடு, எப்போதோ உடைந்து கூடியது.

"இது நான் பண்ணது" என்றார். "அப்ப எனக்கு எட்டு வயசு. இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு ஓடினேன். நழுவி விழுந்தான். எங்கம்மா என்ன அடிக்கல. ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க."

எலும்பு டாக்டர் தன் நோட்டில் 'குழந்தைப் பருவ முறிவு, காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருந்த வரியை எடுத்து, பின்பாதியை அடித்தார். நம் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஆய்வகம் தாய்வழிச் சரட்டைத்தான் படித்தது. அந்த அக்காள் தன் சொந்தத்தை விரலால் தொட்டு எடுத்துவிட்டார்.

தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு நாள் காலை, பத்து மணிக்கு. ராணுவ வண்டிக்கு முன்னால் லாரிக்காரன் தன் லாரியை ஓட்டி வந்தான். முதல் நாள் முழுக்கக் கழுவித் துடைத்திருக்கிறான். டயருக்குக்கூடக் கறுப்புப் பூசியிருந்தான். யார் அனுமதி கொடுத்தார்கள் என்று தெரியாது, கேட்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. தெருமுனையில் திரும்பும்போது ஹாரனை அழுத்தியவன் வீடு வரும் வரை கையை எடுக்கவில்லை. கடைக்காரர்கள் கல்லாவை விட்டு வெளியே வந்து நின்றார்கள். மாடிகளில் ஜனம். எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் அம்மாவோடு வேலை பார்த்த ஆறு பழைய ஆபரேட்டர்கள், எல்லோரும் எழுபது தாண்டியவர்கள், வரிசையாக நின்று கை தட்டினார்கள். சாவு வீட்டில் கை தட்டலாமா என்று ஒருவர் முணுமுணுத்தார். "சாவு நாப்பத்தொம்பது வருஷம் முன்னால முடிஞ்சுது. இது வந்து சேர்ற நாள்" என்று அவர்களில் ஒருவர் சொல்லிவிட்டு இன்னும் பலமாகத் தட்டினார். லாரியிலிருந்து இறங்கிய டிரைவர் நேரே போய், "பெரியம்மா, மாமாவக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்றான். டெலிபோன் அம்மா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய அம்மாவின் தாடை அது.

நம் அக்கா வழக்கமாக இந்த இடத்துக்கு வருவதில்லை. பெட்டி அலுவலக கேட்டைத் தாண்டியதும் தான் வெளியாள் என்பது அவர் எண்ணம். அன்று என்னவோ பஸ் பிடித்து வந்துவிட்டார். ஆனாலும் எதிர்ச் சாரியில், ஒரு மருந்துக் கடை ஓரமாக, யாரோ வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டார்.

பெட்டியை இறக்கிக் கல்லறைத் தோட்டம் வரை சுமக்க ஆறு பேர் வேண்டும், ஆறு பேரும் குடும்பத்தாராக இருக்க வேண்டும் என்றார் இளவயது அதிகாரி. கையில் பட்டியல் வைத்திருந்தார். மகன், மருமகள், வளர்ந்த பேத்தி, லாரிக்காரன், அவன் தம்பி. ஐந்துதான் தேறியது. "ஆறாவதுக்கு எங்க ஜவான் ஒருத்தர் தோள் கொடுப்பாரும்மா" என்றார்.

"வேண்டாம். ஆள் இருக்கு" என்ற டெலிபோன் அம்மா, தெருவின் குறுக்கே கையை நீட்டினார். அத்தனை கூட்டமும் மருந்துக் கடைப் பக்கம் திரும்பியது. நம் அக்காவுக்குத் தப்ப வழியில்லை. தயங்கித் தயங்கி வந்தார்.

அதிகாரி பட்டியலை இரண்டு முறை புரட்டினார். "இவங்க என்ன உறவு?"

"என் மக."

"பட்டியல்ல இல்லையேம்மா."

"நாப்பத்தொம்பது வருஷம் உங்க பேச்ச நான் நம்பினேன். இன்னிக்கு ஒரு நாள் என் பேச்ச நீங்க நம்புங்க. எழுதிக்கோங்க, மூத்த பொண்ணு."

அதிகாரி மகனைப் பார்த்தார். "எங்க அக்காதான் சார்" என்றார் மகன், கண் சிமிட்டாமல்.

அதிகாரி பேனாவை எடுத்து நம் அக்காவையே பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு வருடமாக இல்லாத உறவு ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து அழித்துக்கொண்டிருப்பவர் அவர். அன்று வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றோடு தொங்கவிட்டார். பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய், காலியாக இருந்த இடது மூலைக்குத் தோளைக் கொடுத்தார்.